சேவ்_டெக்ஸ்ட் பழகியபோது நான் விட்ட பிழைகள்

நாகர்கோவிலில் எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளின் நிரல்மொழியான ஏபாப் படித்தபோது, கடைசி செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த வேலை இதுதான். எக்செலில் பொருள் விவரங்களின் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிபெயர்ப்பு இருக்கும். அதை எடுத்து எஸ்ஏபியில் அந்தந்தப் பொருளின் விற்பனைக் குறிப்பாகச் சேமிக்க வேண்டும். குறிப்பைச் சேமிக்க சேவ்_டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷன் மாட்யூலை (எஸ்ஏபியில் தயாராக இருக்கும் நிரல் துண்டு) அழைத்தால் போதும் என்று தெரியும். எழுதி ஓட்டினேன். பிழை ஒன்றும் காட்டவில்லை. வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

திருத்த வந்த அக்கா தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர். சனிக்கிழமை மட்டும் எங்களுக்கு வகுப்பு எடுப்பார். ஒரு பொருளைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "மக்கா, இங்கிலீஷ்ல ஒரு குறிப்பு இருந்துச்சே, அது எங்க?"

இங்கிலீஷ் இருந்த இடத்தில் ஜெர்மன் இருந்தது. மொழி என்ற இடத்தில் நான் எஸ்ஒய்-லாங்கு கொடுத்திருந்தேன். அது உள்நுழைந்த மொழி, அதாவது இங்கிலீஷ். முதலில் பிரெஞ்சு இங்கிலீஷை அழித்தது, அப்புறம் ஜெர்மன் பிரெஞ்சை அழித்தது. நான் கேட்டபடிதான் சிஸ்டம் செய்திருக்கிறது, அதனால்தான் பிழையே வரவில்லை.

அன்றுதான் சேவ்_டெக்ஸ்டுக்கு நாம் கொடுக்கும் ஹெடர் என்பது குறிப்பின் முகவரி என்று புரிந்தது. ஆப்ஜெக்ட், ஐடி, பெயர், மொழி ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு குறிப்பு. களியக்காவிளைப் பக்கம் ஒரே கடைக்குத் தமிழில் ஒரு பலகையும் மலையாளத்தில் ஒரு பலகையும் இருக்கும். கடை ஒன்றுதான், பலகை இரண்டு. எந்தப் பலகையில் எழுதுகிறோம் என்பதை ஹெடரில் மொழிக்கான இடமான டிடிஸ்ப்ராஸ் சொல்கிறது.

அந்த டிடிஸ்ப்ராஸ் ஒரே எழுத்து கொண்டது. இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். எக்செலில் 'டிஇ', 'எஃப்ஆர்' என்று இரண்டெழுத்துக் குறியீடு இருக்கும். அதை அப்படியே போட்டால் முதல் எழுத்து மட்டும் நிற்கும். ஜெர்மனுக்கு 'டி', பிரெஞ்சுக்கு 'எஃப்' என்பதால் அவை தற்செயலாகச் சரியாகிவிடும். ஸ்பானிஷின் 'இஎஸ்' வந்தால் 'இ' ஆகிவிடும், அது இங்கிலீஷ்! ஸ்பானிஷின் உள் எழுத்து 'எஸ்'. கன்வெர்ஷன்_எக்ஸிட்_ஐசோலா_இன்புட் என்ற ஃபங்ஷன் மாட்யூல் வழியாக மாற்றிய பிறகே ஹெடரில் வையுங்கள்.

அடுத்து பெயர். விற்பனைக் குறிப்புக்கு ஆப்ஜெக்ட் எம்விகேஇ, ஐடி 0001. எஸ்ஏபியின் பழைய பதிப்பான இசிசியில் பெயர் என்பது 18 இடத்தில் பொருள் எண், பிறகு 4 இடத்தில் விற்பனை அமைப்பு, 2 இடத்தில் விநியோக வழி. எண் மட்டும் உள்ள பொருளுக்கு முன்னால் பூஜ்யங்கள் வேண்டும். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பொருளைத் திருத்தும் எம்எம்02 திரையில் கையால் ஒரு குறிப்பை எழுதிச் சேமித்து, ஹெடர்கள் இருக்கும் எஸ்டிஎக்ஸ்ஹெச் அட்டவணையில் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அதே வடிவத்தை உங்கள் நிரலில் கட்டுங்கள். எந்த ஆப்ஜெக்டாக இருந்தாலும் நான் இப்போதும் முதலில் செய்வது இதுதான்.

என் இரண்டாவது பிழை வெற்று வரிசைகள். சில பொருள்களுக்கு மொழிபெயர்ப்பு வரவில்லை, எக்செலில் அந்தக் கட்டம் காலி. வரிகள் இல்லாமல் சேவ்_டெக்ஸ்டை அழைத்தால் ஏற்கெனவே உள்ள குறிப்பு நீக்கப்படும். யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்த உழைப்பு ஒரு காலிக் கட்டத்தால் போய்விடும். காலியாக இருந்தால் அழைக்காமல் தாண்டிவிடுங்கள், தனியாக ஒரு பட்டியலில் எழுதி வையுங்கள்.

குறிப்பின் வரிகளை வைக்கும் டிலைனில் ஒரு வரிக்கு 132 எழுத்து இடம். நீண்ட குறிப்பைச் சொல் முடியும் இடத்தில் வெட்டுங்கள். தமிழென்றால் 'கு' கூட கணினிக்கு 'க', உகரக் குறி என இரண்டு இடம். கண்ணை மூடிக்கொண்டு 132-இல் வெட்டினால் உயிர்மெய்யே இரண்டாகலாம். வரியின் வடிவத்தைச் சொல்லும் டிடிஃபார்மட்டில் முதல் வரிக்கு நட்சத்திரக் குறி, தொடரும் வரிகளுக்கு வெற்றிடம் போதும்.

வேலைக்கான நேர்முகத்தில் கமிட் பற்றி, அதாவது மாற்றத்தை டேட்டாபேஸில் உறுதியாக்குவது பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். சேவ்_டெக்ஸ்டின் சேவ்மோட்_டைரக்டுக்கு 'எக்ஸ்' கொடுத்தால் உடனே டேட்டாபேஸுக்குப் போகும். கொடுக்காவிட்டால் அந்த ஆப்ஜெக்டுக்கு எஸ்இ75 என்ற அமைப்புத் திரையில் குறித்த முறைப்படி நடக்கும். நினைவகத்தில் தங்கினால் கமிட்_டெக்ஸ்டை அழைக்க வேண்டும், அது அப்டேட் டாஸ்க் வழியாக எழுதப்படுவதென்றால் கமிட் வொர்க்கும் வேண்டும்.

மறுதேர்வுக்கு அடுத்த சனிக்கிழமை போனேன். இந்த முறை ஒவ்வொரு சேமிப்புக்குப் பின்னும் ரீட்_டெக்ஸ்ட் வைத்து, அதே மொழியில் வாசித்து எக்செலோடு ஒப்பிட்டேன். அக்கா மூன்று மொழியிலும் பொருளைத் திறந்து பார்த்தார். மூன்றும் அதனதன் இடத்தில் இருந்தன.