சேர்த்தா, தனித்தனியா?

இங்கிலாந்தில் செவிலியர் வேலைக்கு வர வேண்டும் என்று என் அக்கா மகள் காவேரிப்பட்டணத்தில் ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். வாயில் நுழையாத நோய்ப் பெயர்களெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். 'டுகெதர்' என்பதற்கு நேரே மட்டும் 'சேர்ந்து' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். அந்தச் சொல்லோடு நாங்கள் பட்ட பாடு இங்கே வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் அது காதில் விழுவது கடையில். இரண்டு பேராகக் காப்பி வாங்கப் போனால், கல்லாவில் நிற்பவர் "டுகெதர்?" என்று ஒற்றைச் சொல்லில் கேட்பார். பில் ஒன்றா, தனித்தனியா என்று அர்த்தம். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் நான்கு பேர் டீ குடித்தால் இப்படி யார் கேட்கிறார்கள்? ஒருவர் சட்டைப்பையில் கைவிடுவதற்குள் இன்னொருவர் அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நோட்டை நீட்டுவார். எந்த நோட்டு முதலில் எட்டுகிறதோ அதைக் கடைக்காரர் வாங்கிப் போட்டுக்கொள்வார். இங்கே அவரவர் கார்டை அவரவர் தட்டிவிட்டு நகர்கிறார்கள். ஆரம்பத்தில் கஞ்சத்தனமாகப் பட்டது. இப்போது, யாருக்கு யார் பாக்கி என்ற கணக்கு மனதில் தங்காதது நல்லதென்றே தோன்றுகிறது.

அதே கேள்வியை ஆளைப் பார்த்துக் கேட்டால் பொருள் வேறு. பர்கூர்க்காரர் ஒருவரும் பாலக்கோட்டுக்காரர் ஒருவரும் வாடகையைப் பங்கிட்டு ஒரே வீட்டில் இருந்தார்கள். "நீங்கள் இருவரும் டுகெதரா?" என்று உடன் வேலை செய்யும் அம்மாள் கேட்க, "ஆமாம், கல்லூரியிலிருந்தே" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்டது, இருவரும் துணையாக வாழ்கிறீர்களா என்று. மனதார வாழ்த்தியதோடு, இருவருக்கும் ஒரே நாளில் விடுப்புக் கிடைக்கவும் அவர் ஏற்பாடு செய்தாராம். பர்கூர்க்காரரின் மனைவி விசா கிடைத்து வந்து இறங்கிய பிறகுதான் சங்கதி வெளியே வந்தது.

மருத்துவமனையில் இந்தச் சொல் தமாஷுக்கு இடம் தராது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் சாசனம் சொல்லும் மதிப்புகளில் முதலாவதே, நோயாளிகளுக்காக 'டுகெதர்' உழைப்பதுதான். நம் ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் உறவே வேன் பிடித்து வந்து இறங்கும். மருத்துவர் கேட்பதற்கெல்லாம் பெரியப்பா பதில் சொல்வார். படுத்திருப்பவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே மருத்துவர் 'டுகெதர் முடிவு செய்யலாம்' என்றால் அதில் நோயாளிதான் முதல் ஆள். பெரியப்பா பேச வேண்டுமானால் நோயாளி சம்மதிக்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தைராய்டு குறைவுக்குத் தரும் லெவோதைராக்சினையும் கால்சியம் மாத்திரையையும் 'டுகெதர்' எடுக்கக் கூடாது. கால்சியம் அந்த மருந்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். இடையில் 4 மணி நேரமாவது வேண்டும். எங்களிடம் வந்த தமிழ்ப் பாட்டி ஒருவருக்கு, "சேர்த்துச் சாப்பிடாதீர்கள்" என்று வீட்டில் மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தார்கள். பாட்டி சொன்ன சொல் தட்டவில்லை. முதலில் ஒன்றை விழுங்கி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்ததை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் 'சேர்த்து' போதாது. மணி சொல்ல வேண்டும்.

'புல் யுவர்செல்ஃப் டுகெதர்' என்றால் மனதைத் திடப்படுத்திக்கொள் என்று பொருள். தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். அழுகிற நோயாளியிடம் சொன்னால் அதட்டுவதுபோல் இருக்கும்.

ஓ.இ.டி.யின் எழுத்துத் தேர்வுக்கு வருவோம். 45 நிமிடத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். 'நோயாளி, டுகெதர் வித் அவர் மகள்' என்று தொடங்கினால், ஆட்கள் இரண்டானாலும் வினை ஒருமைதான்: 'வாஸ்'. இது அக்கா மகளுக்கு அநியாயமாகப் படுகிறது. தமிழிலும் அப்படித்தானே? 'தாயும் மகளும் வந்தார்கள்', ஆனால் 'மகளோடு தாய் வந்தாள்'. நேற்று அவள் அனுப்பிய கடிதத்தில் மறுபடியும் 'வேர்' என்று பன்மையாகவே இருந்தது. சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.