சார்ஜரில் நிற்கும் விமானம்: ஓர் இன்ஸ்ட்ரக்டரின் நாட்குறிப்பு

ஜூலை 4, 2025, வெள்ளி

பயிற்சிப் பள்ளிக்கு ஒரு மின்விமானம் எடுக்கலாமா என்று பார்த்து அறிக்கை கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. விளம்பரத் தாளைத் தாண்டி எங்களில் யாரும் எதுவும் படித்ததில்லை, ஆனால் கருத்து மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு கோஷ்டி "இதெல்லாம் பொம்மை" என்கிறது, இன்னொரு கோஷ்டி பெட்ரோல் டேங்கையே மூடிவிடலாம் என்கிறது. இரண்டு பேரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு நேரம் பறக்கும்?

பயிற்சிக்கு அது சரியான கேள்வியே இல்லை என்று நினைக்கிறேன். மாணவனோடு ஒரு தடவையில் மூன்று மணி நேரம் பறக்கும் விமானம் யாருக்கும் தேவையில்லை, முக்கால் மணியிலேயே புதியவன் மூளை களைத்துவிடும். ஒரு நாளில் எத்தனை பாடம் நடத்தலாம் என்பதுதான் கேட்க வேண்டியது. அதற்குப் பதில் எந்த விளம்பரத்திலும் நேராகக் கிடைக்கவில்லை.

வாங்குவதற்குச் சான்றிதழோடு தயாராக இருப்பது என்று பார்த்தால் ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் கம்பெனி செய்யும் வெலிஸ் எலெக்ட்ரோதான் முதலில் வந்து நிற்கிறது. 2020 ஜூன் 10-ஆம் தேதி ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசா இதற்கு வகைச் சான்றிதழ் கொடுத்தது, முழுக்க மின்சாரத்தில் ஓடும் விமானத்துக்கு உலகிலேயே முதல் சான்றிதழ் என்ற அறிவிப்போடு. (சீனாவின் ஆர்எக்ஸ்1ஈ 2015-லேயே அந்த நாட்டு அனுமதியை வாங்கிவிட்டது. யார் முதல் என்று சண்டை போட ஆசைப்படுகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம்.)

ஜூலை 6, ஞாயிறு

லீவு நாள், பேப்பரும் கால்குலேட்டரும்.

வெலிஸில் இரண்டு பேட்டரி, ஒன்று மூக்கில், ஒன்று சீட்டுகளுக்குப் பின்னால். ஒவ்வொன்றும் சுமார் 11 கிலோவாட் மணி, எடை சுமார் 70 கிலோ. ஆக மொத்தம் 22 கிலோவாட் மணி, 140 கிலோ. மோட்டாரின் உச்ச சக்தி 57.6 கிலோவாட். அதாவது சக்தியைக் கூட்டும் லீவரான த்ராட்டிலை முழுக்கத் தள்ளிவிட்டு அப்படியே வைத்திருந்தால் அரை மணி கூட வராது. சக்தியைக் குறைத்து மெதுவாக ஓட்டினால்தான் கம்பெனி சொல்லும் 50 நிமிடமும் அதற்கு மேல் ரிசர்வும், அதாவது அவசரத்துக்கென்று தொடாமல் வைக்கும் மிச்சமும், கிடைக்கும்.

இதையே பெட்ரோல் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ விமானப் பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது, ஆனால் பிஸ்டன் எஞ்சின் அதில் கால்பங்கு அல்லது கொஞ்சம் கூடத்தான் ப்ரொப்பல்லருக்குக் கொண்டு சேர்க்கும், மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். மின்மோட்டார் பத்தில் ஒன்பது பங்கைக் கொடுத்துவிடும். இதையெல்லாம் சேர்த்தால் 140 கிலோ பேட்டரி என்பது கிட்டத்தட்ட ஒன்பது லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். வழக்கமான பெட்ரோல் பயிற்சி விமானமான செஸ்னா 172 அதை இருபது நிமிடத்துக்குள் குடித்துவிடும், வெலிஸ் இலேசான விமானம் என்பதால் அதை வைத்துக்கொண்டு ஒரு பாடத்தையே முடித்துவிடுகிறது. பேட்டரியை மட்டும் திட்டுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

எடை விஷயம்தான் உறுத்துகிறது. அதிகபட்ச டேக்-ஆஃப் எடை 600 கிலோ, அதில் ஆட்களுக்கு மிஞ்சுவது 172 கிலோ. பெட்ரோல் விமானம் என்றால் கனமான ஆள் வரும்போது டேங்கில் குறைத்து ஊற்றிச் சமாளிப்போம். பேட்டரியைப் பாதி கழற்றி வைத்துவிட்டுப் போக முடியாது. எங்கள் இன்ஸ்ட்ரக்டர்களில் இருவர் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன், அவர்களால் பாதி மாணவர்களோடு இதில் ஏறவே முடியாது.

ஜூலை 11, வெள்ளி

வேறொரு பள்ளியில் அவர்களுடைய வெலிஸில் உட்கார்ந்து பார்க்கவும் பறக்கவும் விட்டார்கள். இன்றைக்கு நீளமாக எழுதப் போகிறேன்.

முதலில் செக்லிஸ்ட். தீப்பொறி தரும் மேக்னெட்டோவைச் சோதிப்பது இல்லை, பெட்ரோல்-காற்று அளவைச் சரிசெய்யும் மிக்சர் இல்லை, கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் சூடேற்றும் கார்புரேட்டர் ஹீட் இல்லை, எஞ்சின் ஆயில் சூடாகும் வரை காத்திருப்பதும் இல்லை. ஸ்விட்சுகளைப் போட்டு, திரையில் சார்ஜ் சதவீதம், பேட்டரியின் ஆரோக்கியம், வெப்பநிலை மூன்றையும் பார்த்துவிட்டால் கிளம்பலாம். வசதிதான், ஆனால் இதிலேயே முழுக்கக் கற்ற மாணவன் பிறகு பெட்ரோல் விமானத்துக்குப் போகும்போது மிக்சரையும் கார்புரேட்டர் ஐஸையும் புதிதாகப் படிக்க வேண்டும், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. தரையில் லீவரை முழுக்கப் பின்னால் இழுத்தால் ப்ரொப்பல்லர் நின்றுவிடுகிறது. நிற்கிறதே என்று யாரும் பக்கத்தில் போகலாம், உள்ளே ஒருவர் லீவரைத் தொட்டால் அடுத்த நொடியே சுற்றும். பிஸ்டன் எஞ்சின் ஓடினால் சத்தமே எச்சரித்துவிடும். ஆகவே தரையில் நிற்கும் ஆட்களுக்குத்தான் முதல் பயிற்சி என்று குறித்துக்கொண்டேன்.

பறப்பது அருமை. லீவரைத் தள்ளியதும் இழுவை உடனே வருகிறது, எஞ்சின் உறுமி ஏறும் அந்தத் தாமதம் இல்லை. மாணவனிடம் சாதாரணக் குரலில் பேச முடிகிறது. ரன்வேயைச் சுற்றிவரும் சர்க்யூட்டில், ரன்வேக்கு இணையாகப் போகும் டவுன்விண்ட் லெக்கில் சக்தியைக் குறைத்ததும் செலவாகும் கிலோவாட் கண்ணெதிரே விழுகிறது, ஏறும்போது எவ்வளவு தின்கிறோம், இறங்கும்போது எவ்வளவு மிச்சம் என்று மாணவனுக்கு வாயால் விளக்கவே வேண்டாம். எஞ்சின் பழுதானதாக நினைத்துச் சறுக்கி இறங்கும் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தோம். பெட்ரோல் எஞ்சினை அப்படித் திடீர் திடீரென்று குளிரவைக்க மனசு வராது, இங்கே அந்தக் கவலை இல்லை.

அப்புறம் இரண்டு விஷயம். பெட்ரோல் விமானம் பறக்கப் பறக்க இலேசாகும், இது புறப்பட்ட எடையிலேயே இறங்கும். சார்ஜ் குறையக் குறைய பேட்டரியின் மின்னழுத்தமும் விழுவதால் கடைசிப் பகுதியில் கிடைக்கும் உச்ச சக்தியும் குறையும். இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறும் கோ-அரவுண்ட் பண்ண வேண்டிய தருணம் பெரும்பாலும் பாடத்தின் கடைசியில்தான் வரும். செல்போன் மாதிரி இரண்டு சதவீதம் வரை இழுக்கிற வேலை இங்கே நடக்காது, பள்ளிதான் ஒரு கண்டிப்பான கோடு போட்டாக வேண்டும்.

இறங்கியதும் உடனே சார்ஜரில் மாட்ட முடியவில்லை, பேட்டரி சூடாக இருந்தது. குளிர்விக்கும் திரவம் ஓடி வெப்பநிலை இறங்கும் வரை காத்திருந்தோம். அதற்குப் பிறகு சார்ஜ் ஏற ஒரு மணி நேரத்துக்கும் மேல். வெயில் காலத்தில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளும் என்று அங்கிருந்த மெக்கானிக் சொன்னார், அவருக்கு இதை விற்ற சேல்ஸ்மேன் மேல் கொஞ்சம் கோபம் இருந்தது போலத் தெரிந்தது.

ஜூலை 16, புதன்

காத்திருந்தால் இன்னும் நல்லது வருமே என்று ஒருவர் கேட்டார். அதற்காகப் பழைய கதைகளைப் புரட்டினேன்.

மனிதனை ஏற்றிக்கொண்டு மின்சாரத்தில் மட்டும் பறந்த முதல் விமானம் 1973 அக்டோபர் 21-ஆம் தேதி ஆஸ்திரியாவில் எழும்பிய எம்பி-ஈ1, நிக்கல் காட்மியம் பேட்டரியில் சில நிமிடங்கள். ஏர்பஸ் 2014-ல் ஈ-ஃபேன் என்ற இரண்டு சீட் விமானத்தைப் பறக்கவிட்டு, 2015 ஜூலையில் அதில் ஆங்கிலக் கால்வாயையும் கடந்து காட்டியது, அதிலிருந்து ஒரு பயிற்சி விமானம் வரும் என்றது, 2017-ல் திட்டத்தையே கைவிட்டது. அமெரிக்காவின் பை ஏரோஸ்பேஸ் தன் ஈஃப்ளையரின் முன்மாதிரியை 2018 ஏப்ரலில் பறக்கவிட்டது, இன்னும் சான்றிதழ் வரவில்லை. ஆஸ்திரியாவின் டைமண்ட் 2023 ஜூலையில் ஈடிஏ40-ஐப் பறக்கவிட்டது, 90 நிமிடம் வரை பறக்கும், 20 நிமிடத்தில் வேக சார்ஜ் என்று சொன்னார்கள். அது மட்டும் சொன்னபடி வந்தால் என் கணக்கெல்லாம் மாறிவிடும், ஆனால் அதுவும் இன்னும் சான்றிதழ் வாங்கவில்லை. இந்தியாவில் பெங்களூருவின் அரசு விமான ஆய்வு நிறுவனமான என்ஏஎல் தன் இரண்டு சீட் பயிற்சி விமானமான ஹன்சாவின் மின்சார வடிவத்தைச் செய்யப்போவதாக இந்த மே மாதம் அறிவிப்பு வந்தது.

முதல் பறப்புக்கும் சான்றிதழுக்கும் நடுவில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். காத்திருப்பதை ஒரு திட்டம் என்று என்னால் எழுத முடியாது.

ஜூலை 23, புதன்

நேற்று ஓஷ்காஷ் விமானக் கண்காட்சியில் இலகுரக விமானங்களுக்கான அமெரிக்காவின் புதிய மொசைக் விதிகளை வெளியிட்டுவிட்டார்கள். அங்கே 2004 முதல் இருந்த இலகுரக விமான வரையறையில் பிஸ்டன் எஞ்சின் என்றே எழுதியிருந்தது, அதனால் மின்மோட்டார் விமானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பிரிவுக்குள் நுழைய முடியாது. வெலிஸுக்கே 2024 மார்ச்சில் தனி விலக்கு கொடுத்துத்தான் வழி விட்டார்கள். இப்போது அந்தக் கதவு திறக்கிறது. விமானத் தயாரிப்புக்கான பகுதி அமலுக்கு வர ஒரு வருடம் ஆகும்.

ஐரோப்பாவில் இன்னொரு சின்ன விதி இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. பகலில் வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு ரிசர்வ் 30 நிமிடம் என்பது பொதுவான விதி. 50 நிமிடம் பறக்கும் விமானத்துக்கு இது எவ்வளவு பெரிய அபராதம் என்று பாருங்கள். சிறிய விமானம் கிளம்பிய தளத்திலேயே இறங்குவதாகவும், தளம் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே சுற்றுவதாகவும் இருந்தால் ஈயாசா 10 நிமிடம் போதும் என்கிறது. ரன்வேயைச் சுற்றியே வரும் சர்க்யூட் பயிற்சிக்கு அளவெடுத்துத் தைத்தது இது.

ஜூலை 30, புதன்

பாதுகாப்பு. இதைத் தட்டிக்கழித்து அறிக்கை எழுத முடியாது.

2018 மே மாதம் ஹங்கேரியில் சீமென்ஸ் மோட்டார் பொருத்திய ஈஃப்யூஷன் விமானம் தீப்பற்றி விழுந்து இருவர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் நார்வேயில் வெலிஸின் முன்னோடியான ஆல்ஃபா எலெக்ட்ரோ, மோட்டார் சக்தி போய் ஒரு ஏரியில் இறங்கியது. ஓட்டியவர் நாட்டின் விமான நிலையங்களை நடத்தும் அவினோரின் தலைவர், பக்கத்தில் அரசுப் பொறுப்பில் இருந்தவர். இருவருக்கும் காயமில்லை. விளம்பரத்துக்காகப் பறந்த விமானம் தண்ணீரில் கிடந்த படம் உலகமெல்லாம் சுற்றியது.

வெலிஸ் இவற்றுக்குப் பிறகு சான்றிதழ் வாங்கியது. இரண்டு பேட்டரியில் ஒன்று செத்தாலும் மற்றது தானாகவே மோட்டாரைத் தாங்கும், ஒரு செல்லில் பிடிக்கும் தீ அடுத்ததற்குப் பரவுவதைத் தாங்குமா என்றும் சோதித்திருக்கிறார்கள். எனக்கு விமானத்தைவிட ஹேங்கரைப் பற்றித்தான் கவலை. ராத்திரி முழுக்க சார்ஜில் நிற்கும் விமானத்தைப் பெட்ரோல் விமானங்களுக்கு நடுவில் விடுவதாக இல்லை, தனி இடம் வேண்டும், தீயணைப்புக் காரர்களைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாடத்திட்டத்தோடு வைத்துப் பார்த்தேன். ஐரோப்பிய முறையில் தனியார் பைலட் உரிமத்துக்கு 45 மணி நேரம். அதில் நேராகப் பறப்பது, திருப்பங்கள், இறக்கை தாங்குசக்தியை இழக்கும் ஸ்டால், பிறகு சர்க்யூட், முதல் சோலோ எல்லாம் வெலிஸில் முடியும். தனியாக 270 கிலோமீட்டர் போய் வேறு இரண்டு தளங்களில் இறங்கி வரும் கிராஸ் கன்ட்ரி முடியாது. 90 நாட் வேகத்தில் 50 நிமிடம் என்றால் மொத்தம் சுமார் 140 கிலோமீட்டர்தான், போகிற தளத்திலெல்லாம் சார்ஜரும் பொறுமையும் இருந்தால் வேறு விஷயம். இரவுப் பறப்பும் இல்லை, சான்றிதழே பகலுக்கு மட்டும்தான்.

ஒரு நாள் கணக்கு இப்படி வருகிறது. பறப்பது 40 நிமிடம், ஏறி இறங்கி மாட்ட 20, சூடு ஆறி சார்ஜ் ஏற 80. பத்து மணி நேர நாளில் ஒரு விமானம் நாலு பாடம். பெட்ரோல் விமானம் எளிதாக ஏழு பண்ணும். இரண்டு மின்விமானம், மாற்றி மாற்றி ஒன்று வானத்தில் ஒன்று சார்ஜரில் என்றால் எட்டு, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு அது போதும் போதும் என்றாகிவிடும். விமானம் சார்ஜில் இருக்கும் நேரத்தில் மாணவனோடு உட்கார்ந்து இப்போது பறந்ததைப் பேசலாம். அடுத்த மாணவன் வாசலில் நிற்கிறான் என்று ஐந்து நிமிடத்தில் அதை முடித்து அனுப்புவது எல்லாப் பள்ளியிலும் நடக்கிற வழக்கம்.

சத்தம் இன்னொரு காரணம். சான்றிதழில் 60 டெசிபல். பக்கத்து வீட்டுக்காரர்களின் புகார் எல்லாம் கிராஸ் கன்ட்ரியைப் பற்றி வருவதில்லை, காலை முதல் மாலை வரை தலைக்கு மேலேயே சுற்றும் சர்க்யூட்டைப் பற்றித்தான். இன்னமும் ஈயம் கலந்த 100எல்எல் பெட்ரோலை ஊற்றுகிறோம். அந்த ஈயம் பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2023 அக்டோபரில் முறையாகவே அறிவித்துவிட்டது. அதையும் அதிகமாகக் கொட்டுவது ரன்வேயைச் சுற்றித்தான்.

ஆகஸ்ட் 9, சனி

அறிக்கை கொடுத்தாயிற்று. வாங்க வேண்டாம், இரண்டை வாடகைக்கு எடுக்கலாம், சர்க்யூட்டுக்கும் ஆரம்பப் பாடங்களுக்கும் மட்டும். பெட்ரோல் விமானம் ஒன்றைக் கூட விற்க வேண்டாம். மூன்று பேஸ் இணைப்பு, சார்ஜருக்குத் தனி ஷெட், சார்ஜ் எத்தனை சதவீதத்துக்கு வந்தால் இறங்க வேண்டும் என்ற எழுத்துப்பூர்வமான கோடு, இதெல்லாம் விமானம் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

வாடகைப் பேச்சில் இன்னும் ஒன்று முடியவில்லை. மின்சாரச் செலவு ஒன்றுமே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், நிஜம்தான், ஆனால் பேட்டரி ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழடாகிறது, அந்த ஆரோக்கிய எண் ஒரு அளவுக்குக் கீழே போனால் பேட்டரியை மாற்ற வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கு ஓவர்ஹாலுக்கென்று மணிக்கு இவ்வளவு என எடுத்து வைப்பது போல இதற்கும் வைக்க வேண்டும், அந்தத் தொகையைச் சேர்த்தால்தான் மலிவா இல்லையா என்றே தெரியும். மாற்றும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வராமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.