விளிம்பைப் படிக்கப் பழகுகிறேன்: பர்மா போர்ப் பதக்கங்கள்

பிரிட்டிஷ் இந்தியப் பதக்கங்கள் எல்லாவற்றையும் சேர்க்கும் ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த ஆண்டு ஒரே வகையை எடுத்துக்கொண்டேன். 1854இல் ஏற்படுத்தப்பட்ட ‘இந்தியா ஜெனரல் சர்வீஸ்’ பதக்கம், அதிலும் பர்மா கிளாஸ்ப் (எந்தப் போர் என்று பொறித்து, பதக்கத்துக்கு மேலே ரிப்பனில் மாட்டும் பட்டை) உள்ளவை. மதராஸ் படையினர் பெருமளவில் கப்பலேறிய போர் என்பதால்தான் இந்தத் தேர்வு.

பதக்கத்தை அடையாளம் காண்பது எளிது. 36 மில்லிமீட்டர் வட்டம். முன்புறம் வில்லியம் வயன் வடித்த விக்டோரியாவின் தலை. பின்புறம் அவருடைய மகன் லியோனார்ட் சார்ல்ஸ் வயனின் வேலை: உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு வெற்றித் தேவதை முடிசூட்டுகிறாள், அடியில் தாமரையும் இலைகளும். சிவப்பு ரிப்பனில் இரண்டு நீலக் கோடுகள். 1895 வரையிலான பல போர்களுக்கு இதே பதக்கம்தான். மாறியது கிளாஸ்ப் மட்டுமே. பெகு முதல் வசிரிஸ்தான் வரை மொத்தம் 23. ஏற்கெனவே பதக்கம் பெற்றவருக்கு அடுத்த போருக்குப் புதிய பதக்கம் கிடையாது, கூடுதலாக ஒரு கிளாஸ்ப் ஏறும்.

மூன்றாம் பர்மா போர்க் காலத்துக்கு மட்டும் மூன்று கிளாஸ்ப்கள் இருக்கின்றன: 1885-7, 1887-89, 1889-92. பர்மாவின் தலைநகர் மண்டலே 1885 நவம்பரில் பிரிட்டிஷாரிடம் விழுந்தது. பர்மாவின் கடைசி மன்னர் தீபாவை முதலில் மதராசுக்கும் பிறகு ரத்னகிரிக்கும் கொண்டுபோனார்கள். அரண்மனையைப் பிடிக்கச் சில வாரங்கள் போதுமாக இருந்தன. நாட்டை அடக்க ஆண்டுகள் பிடித்தன. அந்த எதிர்ப்பின் நீளத்தை மூன்று கிளாஸ்ப்களும் சொல்லிவிடுகின்றன.

என் நேரம் பெரும்பாலும் விளிம்பில்தான் செலவாகிறது. பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கேதான் இருக்கும். பர்மா கிளாஸ்ப் உள்ளவற்றில் பெரும்பாலும் சாய்ந்த கையெழுத்துப் போன்ற செதுக்கல். விளக்கை நேர் மேலே பிடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் பதக்கத்தை மெல்லச் சுழற்றினால், தேய்ந்த எழுத்தின் தடம் நிழலாக எழும்பி வரும். அடுத்து, விட்டத்தை நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர். விளிம்பின் ஓரிடத்தில் மட்டும் விட்டம் குறைந்தால், பழைய பெயரை அராவி வேறு பெயரைப் பொறித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். இப்படி ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. பார்வைக்கு அழகான துண்டுதான். விலை குறைத்தும் நான் வாங்கவில்லை. பெயரை இழந்த பதக்கத்தில் எனக்கு வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

படைப்பிரிவின் எண்ணும் நல்ல சாட்சி. 1903இல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி கிச்சனர் செய்த மறுசீரமைப்பில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகளின் எண்ணோடு 60 கூடியது. 23ஆம் மதராஸ் பிரிவு 83ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை ஆனது. ஆகவே விக்டோரியா தலைக்கு மேலே 1885-7 கிளாஸ்ப் இருந்து, விளிம்பில் படைப்பிரிவு எண் 83 என்றிருந்தால், இரண்டில் ஒன்று பொய்.

நான் அதிகம் தேடுவது வெண்கலப் பதக்கத்தை. பர்மா 1885-7 தொடங்கி, படையோடு போன சேவகர்களுக்கு வெள்ளிக்குப் பதில் வெண்கலம் கொடுத்தார்கள். தண்ணீர் சுமந்தவர், சமையற்காரர், காயம்பட்டவர்களை டோலியில் தூக்கியவர், வண்டியோட்டி. வடிவமைப்பில் மாற்றமில்லை, உலோகம்தான் தரம் பிரித்தது. அதே காட்டில், அதே காய்ச்சலில் கிடந்தவர்கள் இவர்களும். ஆவணங்களில் சிப்பாயின் பெயரைத் தேடுவதே கடினம். டோலி தூக்கியவருக்கு இந்த விளிம்பு ஒன்றே பதிவாக இருக்கலாம். வெள்ளிப் பதக்கங்கள் பல உருக்குச் சட்டிக்குப் போய்விட்டன. வெண்கலத்தை உருக்கிப் பெரிய காசு பார்க்க முடியாது. சில பிழைத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எதையும் பாலிஷ் போடுவதில்லை. பிரஷ்ஷும் பொடியும் முதலில் தின்பது விளிம்பின் எழுத்தைத்தான். மென்துணியால் தூசியை மட்டும் ஒற்றி எடுத்து, தனித்தனி உறையில் வைக்கிறேன். உறைமேல் விளிம்பு வாசகத்தை, எழுத்துப்பிழையோடு அப்படியே எழுதிவிடுகிறேன். அடுத்து, கையிலுள்ள பெயர்களைப் படைப்பிரிவு வாரியாகப் பிரித்து, லண்டனிலுள்ள பதக்கப் பட்டியல்களோடு ஒப்பிடத் தொடங்க வேண்டும்.