ஒரு நாளைக்கு எத்தனை முறை?

டாக்டர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பதுதான் ஐந்து வருடங்களாக என் பதில். இரத்தம் கலந்த பேதி, ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை கழிப்பறை. இருந்தாலும் பரவாயில்லை. பெரம்பூரிலிருந்து அண்ணா சாலையில் இருக்கும் அலுவலகம் வரை எந்த ஓட்டலில் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார்கள், எந்த பெட்ரோல் பங்க் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்காது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதை மட்டும் டாக்டரிடம் சொன்னதே இல்லை.

நோயின் பெயர் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். உடலின் எதிர்ப்பாற்றல் பெருங்குடலின் உட்சுவரையே புண்ணாக்கும். மெசலமைன் என்ற மாத்திரை கொஞ்ச காலம் கேட்டது. பிறகு ஸ்டீராய்டு, முகம் உப்பியது, நிறுத்தியதும் இரத்தம் திரும்பியது. எதிர்ப்பாற்றலை அடக்கும் அசத்தியோப்ரின் மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் வெள்ளையணுக்கள் சரிந்து, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் உள்ள மாறுபாடு காரணமாம். ஆசியர்களிடம் அது அதிகம். அதன் பிறகுதான் டாக்டர், ஒரு புதிய மாத்திரைக்கான ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார்.

"சோதனை எலியாகப் போகிறாயா?" என்றார் அம்மா.

அம்மாவின் அப்பா காசநோய் வந்து, வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். அதற்கு முன்பெல்லாம் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும். இன்று தாம்பரம் சானடோரியம் நமக்கு ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வீட்டிலும் மற்றதற்கு சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சை சற்றும் சளைத்ததில்லை என்று காட்டியது. "தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பிழைத்தது யாரோ எலியாகப் போனதால்தான்" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. காபி மட்டும் வந்தது.

ஒப்புதல் படிவம் தமிழில்தான் இருந்தது, ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று தெரியவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு இரவுகள் படித்தேன். அங்கேயே கையெழுத்து போடச் சொன்னாலும் போடாதீர்கள். நான் தேடிய வரிகள் இவை: எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை பாதிக்காது, ஆய்வினால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு, படிவத்தின் ஒரு நகல் எனக்கு. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் இந்த ஆய்வைத் தேடிப் பார்த்தேன். 2009 ஜூன் முதல் இதில் பதிவு செய்வது கட்டாயம்; யாரும் இணையத்தில் பார்க்கலாம்.

பிறகு சேர்வதற்கான பரிசோதனைகள். மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான இரத்தப் பரிசோதனை, உறங்கும் காசநோய்க்குத் தனியாக ஒன்று. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து என்பதால் உள்ளே தூங்கும் கிருமி விழித்துக்கொள்ளலாம். தாத்தா நினைவில் முடிவு வரும்வரை எனக்கு வயிற்றைக் கலக்கியது, அது வேறு கலக்கல்.

என்னைத் திணறடித்தது ஒருங்கிணைப்பாளரான இளம்பெண்ணின் ஒரு கேள்வி. "அக்கா, நோய் வருவதற்கு முன்பு ஒரு நாளைக்கு எத்தனை முறை போவீர்கள்?" தெரியவில்லை. யாருக்குத் தெரியும்? கணவருக்கும் தெரியவில்லை. அம்மாதான், "காலையில் ஒரு தடவை, பரீட்சை நாள் என்றால் இரண்டு" என்றார். இந்த நோயின் கடுமையை அளக்க 1987-இல் வந்த மேயோ மதிப்பெண் முறைக்கு அந்த எண்தான் அடித்தளம். இயல்பைவிட ஒன்றிரண்டு தடவை கூடினால் 1, மூன்று நான்கு என்றால் 2, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 3. இரத்தத்துக்கும் இதே போல. ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, தினமும் குறிக்கச் சொன்னார்கள். முதல் நாள் இரவு எழுதிய எண் 11. எழுத்தில் பார்த்த பிறகு பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மல மாதிரி கதையும் சொல்ல வேண்டும். கால்புரோடெக்டின் என்பது வெள்ளையணுக்களில் இருக்கும் புரதம். குடல் அழற்சியில் அது மலத்தோடு வெளியேறும். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இயல்பு. ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் குழாயை ஒளித்து வைத்து, காலையில் எவர்சில்வர் தூக்கில் ஐஸ் போட்டு அதை உள்ளே இறக்கினேன். சென்ட்ரலில் மெட்ரோ ஏறும்போது பை ஸ்கேனருக்குள் போனது. "சாப்பாடா?" என்று கேட்டார் காவலர். தலையாட்டிவிட்டேன். அவ்வளவு பாடுபட்டும், லேபிளில் நேரம் எழுதவில்லை என்று மாதிரியைத் திருப்பிவிட்டார்கள். நேரம் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மூன்று நாள் கழித்து மறுபடியும் தூக்கு. முடிவு 1,180.

குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு முந்தைய மாலை இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். எலுமிச்சை வாசனை போட்ட கடல் நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர வைத்து ஸ்டிராவில் குடித்தால் இறங்குகிறது. குடலிலிருந்து கிள்ளிய துணுக்குகளில் சில ஃபார்மலினில் போட்டு நுண்ணோக்கிக்கு, சில மரபணுக்களின் செயல்பாட்டைப் பார்க்க வேறு குப்பிக்கு. வீடியோவை எங்கேயோ இருக்கும், என்னைப் பார்க்காத ஒரு மருத்துவர் பார்த்து 3 கொடுத்தார். அதுதான் உச்ச மதிப்பெண். முதன்முதலாக நூற்றுக்கு நூறு.

பிறகு பன்னிரண்டு வாரம் மாத்திரை. அது மருந்தா, மருந்தில்லாத வெற்று மாத்திரையா என்று எனக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. முதல் மாதம் நோட்டில் 10, 11, 9. விலகிவிடலாமா என்று நினைத்தேன். ஆறாவது வாரத்தில் 6. எட்டாவது வாரம் இரத்தம் நின்றது. முடிவில் மறுபடியும் கொலனோஸ்கோபி; இந்த முறை 1.

ஆய்வு எல்லோருக்கும் முடிந்த பிறகுதான் யாருக்கு எது என்று பிரித்துப் பார்ப்பார்கள். வெற்று மாத்திரையிலும் பத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ நோய் அடங்குவதுண்டு என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாரா வாரம் கேட்கிறார், "சொன்னார்களா? மருந்தா, மாவா?"

"இன்னும் இல்லை அம்மா."

"மாவாகவே இருந்தாலும் நிறுத்தாதே."