ஊர்க்காரர்கள் கறி விடும் நாளில் சாப்பிடப் போங்கள்

வெளிநாடு கிளம்பும் நம்மூர் சைவக்காரர்களின் பெட்டியைத் திறந்தால் பாதி சமையலறை உள்ளே இருக்கும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, வெந்நீர் ஊற்றினால் தயாராகிற உப்புமா பாக்கெட், சிலரிடம் குட்டி ரைஸ் குக்கர்கூட. அவசரத்துக்கு அதெல்லாம் வேண்டியதுதான், குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பயணம் முழுக்க அதையே சாப்பிட்டு, நடுநடுவே டூர்காரர் கூட்டிக்கொண்டு போகும் இந்திய ஹோட்டலில் பனீர் பட்டர் மசாலாவும் ரொட்டியுமாக ஒப்பேற்றிவிட்டு ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அந்த ஊரில் அவர்களுக்காகவே அருமையான சாப்பாடு காத்திருந்தது, எங்கே தேடுவது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் தேடும் வழி இதுதான். புது ஊருக்குப் போவதற்கு முன்னால், அந்த ஊர்க்காரர்கள் எப்போது கறியை விடுகிறார்கள், அன்றைக்கு எங்கே போய்ச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்துக்கொள்வேன். பழைய ஊர்கள் பலவற்றிலும் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. பௌத்தர்களுக்கு ஒரு கணக்கு, கிழக்கத்திய கிறிஸ்தவர்களுக்கு ஒரு கணக்கு, சீன வழிக் கோயில்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண ரெஸ்டாரண்டில் 'வெஜ்' என்று கேட்டால் கறியை எடுத்துவிட்டு மிச்சம் இருப்பதைக் கொடுப்பார்கள், அதாவது வேகவைத்த கேரட்டும் ப்ரோக்கோலியும் மேலே கொஞ்சம் சீஸும். விரதச் சமையல் அப்படி இல்லை. கறி இல்லாமலே ருசி வரவேண்டும் என்று பல தலைமுறையாகச் சமைத்துச் சமைத்துத் தேறிய கை அது, சாப்பிடுகிறவர்களும் நாக்கு நீளமான உள்ளூர்க்காரர்கள். சுமாராகச் செய்து தப்பிக்க முடியாது.

இதற்கு நான் பார்த்த மிகச் சிறந்த இடம் மத்திய வியட்நாமில் இருக்கும் ஹுவே. 1802 முதல் 1945 வரை ங்குயென் அரச வம்சத்தின் தலைநகரமாக இருந்த ஊர், திரும்பின பக்கமெல்லாம் புத்தர் கோயில். அங்கே சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் கறி, மீன் தொடுவதில்லை. முதல் நாள் என்றால் அமாவாசை, பதினைந்து என்றால் பௌர்ணமி. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்தே தேதியைக் கண்டுபிடித்துவிடலாம், ஒருநாள் முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான். 'சாய்' என்பது அவர்களின் சைவச் சாப்பாட்டுக்குப் பெயர், கடைப் பலகையில் பல இடங்களில் தாமரைப் படமும் இருக்கும். பௌர்ணமி அன்று காலையிலேயே அந்தக் கடைகளில் நெரிசல். ஸ்கூட்டரில் வந்து குடும்பம் குடும்பமாகப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பார்சலுக்குத் தனியாக ஒரு வரிசை.

அங்கே சாப்பிட்ட பலாமூசு சாலடை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு ஆசை தீராது. இளம் பலாவை வேகவைத்து, கத்தி போடாமல் நார் நாராகப் பிய்த்து, வறுத்த வேர்க்கடலை, எள், கொத்தமல்லிக்குக் காரம் ஏற்றியதுபோல் மணக்கிற ஒரு தழை, மிளகாய் எல்லாம் போட்டுப் பிசறித் தருகிறார்கள். சாதாரண நாளில் இதில் இறாலும் பன்றிக்கறியும் சேரும், சாய் கடையில் அந்த இடத்தைக் காளானும், சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவைப் பொரித்ததும் பிடித்துக்கொள்கின்றன. ஸ்பூன் கிடையாது. கூடவே வரும் எள் தூவிச் சுட்ட அரிசி அப்பளத்தை ஒடித்து, அதாலேயே அள்ளிச் சாப்பிடவேண்டும். அப்பளம் நமுத்துப்போவதற்குள் தட்டு காலியாகிவிடும்.

அந்த ஊரின் பெயரைச் சொல்லும் நூடுல்ஸ் சூப் மாட்டுக்கறியில் செய்வது, அதற்கும் சாய் வடிவம் உண்டு. எலுமிச்சைப்புல்லை நசுக்கிப் போட்டுக் கொதிக்கவிட்ட தெளிவான சாறு, மேலே சிவப்பாக மிதக்கும் காரமான எண்ணெய், உருண்டையான தடித்த அரிசி நூடுல்ஸ், காளான், டோஃபு. பக்கத்தில் ஒரு தட்டு நிறையத் தழைகளும் முளைகட்டிய பயறும் மெல்லிசாகச் சீவிய பச்சை வாழைப்பூவும் வைப்பார்கள். வாழைப்பூவை நாம் பருப்பு உசிலிக்கும் வடைக்கும் மட்டுமே நேர்ந்துவிட்டிருக்கிறோம், பச்சையாகச் சூடான சூப்பில் போட்டால் அந்தத் துவர்ப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா? காரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், வியட்நாமிலேயே காரம் தின்கிற ஊர் என்று பெயர் எடுத்தது அது.

சாய் கடைகளில் கறி மாதிரியே, மீன் மாதிரியே செய்துவைத்த அயிட்டங்களும் நிறைய இருக்கும். டோஃபு ஆடையை மடித்துக் கோழித்தோல் மாதிரிப் பொரித்திருப்பார்கள். வேலைப்பாடு பிரமாதம், ஆனால் எனக்கு அதில் நாட்டமில்லை, பலாவும் காளானும் அதுவாகவே இருக்கும்போது இன்னும் ருசி என்பது என் கட்சி. கறி சாப்பிட்டுப் பழகி அதை விட்டவர்களுக்கு அது பிடிக்கலாம்.

சாய் கடையை விட்டு வெளியே வந்தால் வியட்நாமில் கவனம் தேவை. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஒரு கடையில் காய்கறி சூப் என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்ததில் அடியில் உலர்ந்த இறால் கிடந்தது. பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை கேட்டால் அதில் மீன் சாஸோ சிப்பி சாஸோ விழுந்திருக்கலாம், சோயா சாஸ் மட்டும் போடச் சொல்லவேண்டும். இனிப்பில்கூடப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹுவேயில் தேங்காய்ப்பால், பாசிப்பயறு, தாமரை விதை என்று விதவிதமாக இனிப்புப் பாயசம் விற்கிறார்கள், அத்தனையும் நமக்கானதுதான், ஒன்றைத் தவிர. கண்ணாடி மாதிரித் தெரியும் குட்டி உருண்டைகள் போட்ட ஒரு வகை உண்டு, அந்த உருண்டைக்குள் வறுத்த பன்றிக்கறி இருக்கும்.

அடுத்தது எத்தியோப்பியா. நம் ஆட்களில் பலர் 'ஆப்பிரிக்காவா, அங்கே சைவத்துக்கு என்ன கிடைக்கும்' என்று கேட்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள், புதனும் வெள்ளியும், எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர்கள் விரதம். கறி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. ஈஸ்டருக்கு முந்திய பெரிய விரதம் மட்டும் 55 நாள். அதனால் அடிஸ் அபாபாவில் சின்ன மெஸ்ஸிலிருந்து பெரிய ஹோட்டல் வரை விரதச் சாப்பாடு சாதாரணமாகக் கிடைக்கிற சரக்கு. 'யெத்ஸோம் பெயாய்னேத்து' என்று கேட்டால் போதும். டெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவைத்து வார்த்த இஞ்செராவைத் தட்டு முழுக்க விரித்து, அதன் மேலேயே பருப்பு, காய் வகைகளைக் குவியல் குவியலாக வைத்துக் கொண்டுவருகிறார்கள். பெர்பெரே மசாலாவில் செக்கச்செவேலென்று வெந்த மசூர் பருப்பு, மஞ்சள் போட்ட காரமில்லாத பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ் உருளைக்கிழங்கு கேரட், பீட்ரூட், பச்சைமிளகாய் நறுக்கிப் போட்ட தக்காளி. நடுவில் ஷிரோ, கொண்டைக்கடலை மாவைக் கரைத்து மசாலாவோடு கொதிக்கவிட்டது, சில இடங்களில் மண்சட்டியோடு தளதளவென்று கொதித்தபடியே மேசைக்கு வரும்.

இஞ்செராவைப் பிய்த்து அதாலேயே அள்ளிச் சாப்பிடவேண்டும், வலது கையால்தான், நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே தட்டைச் சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். சாறெல்லாம் ஊறிப்போய் அடியில் மிச்சமிருக்கும் இஞ்செராதான் இருப்பதிலேயே ருசி, அதை விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். அப்புறம் ஒரு காபி, அது பிறந்த நாட்டிலேயே.

விரதமில்லாத நாளில் அங்கே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். பருப்பிலும் ஷிரோவிலும் மசாலா போட்டு உருக்கிய வெண்ணெய் சேரும், அது பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை, வீகன்காரர்களுக்குத்தான் சிக்கல். ஆனால் 'போஸெனா ஷிரோ' என்பதில் மாட்டுக்கறித் துண்டு இருக்கும். விரத நாளிலும் சில ஹோட்டல்கள் மீனை விரத மெனுவில் சேர்த்துவிடுகின்றன, ஆகவே மீன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

தைவான் ரொம்பச் சுலபம். பௌத்த சைவ உணவகங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, பலகையில் ஸ்வஸ்திகா போட்டிருக்கும் கடைகளும் உண்டு. தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதை நாமே வைத்து எடை போட்டுக் காசு கொடுக்கும் பஃபே கடைகள்தான் என் தேர்வு, எதிரே கண்ணால் பார்த்து எடுக்கலாம், மொழி வேண்டாம். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கு இது சொர்க்கம், பௌத்த முறையில் அவை இரண்டும் விலக்கு. பாக்கெட் உணவில்கூடச் சுத்த சைவமா, பால் கலந்ததா, முட்டை கலந்ததா, வெங்காயம் பூண்டு சேர்ந்த சைவமா என்று அங்கே வகை பிரித்து எழுதவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரிந்தால் அது 'ஜே' என்கிற சைவக் கடை, அதுவும் அதே வழிதான். பெரும்பாலும் அக்டோபரில் வரும் ஒன்பது நாள் ஜே திருவிழாவில் பாங்காக்கின் சைனாடவுன் பக்கம் போனால் தெருவே அந்தக் கொடியாக இருக்கும்.

ஜப்பானைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. சாறு என்று எதைத் தொட்டாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்த தாஷி இருக்கும், நூடுல்ஸ், மிசோ சூப், வேகவைத்த காய் எல்லாவற்றிலும். ஆனால் கோயில் சமையலான 'ஷோஜின் ர்யோரி'யில் அந்தச் சாற்றைக் கடற்பாசியிலும் உலர்ந்த ஷீட்டாகே காளானிலும் எடுக்கிறார்கள். அதை முறையாகச் சாப்பிட ஒசாகாவிலிருந்து ரயிலும் பிறகு கேபிள் காரும் பிடித்துக் கோயாசான் மலைக்குப் போகலாம், ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் அங்கே தங்க அறையும் சாப்பாடும் தருகின்றன. எள்ளை அரைத்து மாவோடு கிளறி இறுக்கிய 'கோமா தோஃபு' வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு கரைகிறது, நம் எள்ளுருண்டையின் மணம், இனிப்பு மட்டும் இல்லை. உறையவைத்து உலர்த்திய டோஃபு அந்த மலையின் பெயராலேயே அழைக்கப்படுகிறது, ஸ்பாஞ்சு போலச் சாற்றைக் குடித்து வைத்திருக்கும். இரவுச் சாப்பாட்டை ஐந்தரை, ஆறு மணிக்கே வைத்துவிடுவார்கள், தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கிடைக்காது.

துருக்கியில் விரதம் கைகொடுக்காது, அங்கே வேறு வழி. தினக்கூலிகளும் கடைக்காரர்களும் மதியம் சாப்பிடும் லோகாந்தா என்கிற சாப்பாட்டுக் கடைகளில் ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த காய்கறி வரிசை ஒன்று தனியாக இருக்கும், 'ஸெய்தின்யாலி' என்பார்கள். கத்தரிக்காய், பீன்ஸ், ஆர்ட்டிசோக், காராமணி மாதிரி ஒரு பயறு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தட்டைக் கைகாட்டி வாங்கலாம். சூடான பகுதியில் இருக்கும் வெள்ளை பீன்ஸ் குழம்பில் பெரும்பாலும் கறி இருக்கும், கேட்டுவிட்டு எடுங்கள்.

கேட்பதைப் பற்றி ஒரு விஷயம். 'நான் வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் பல நாடுகளில் கோழியும் மீனும் வந்து சேரும். என்னென்ன வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், அந்தந்த ஊரில் ஒளிந்திருக்கும் பொருளையும் சேர்த்து: வியட்நாமில் மீன் சாஸ், தாய்லாந்தில் இறால் விழுது, ஜப்பானில் தாஷி, மெக்ஸிகோவில் பீன்ஸை வதக்கும் பன்றிக்கொழுப்பு. உள்ளூர் மொழியில் எழுதி போனில் வைத்துக்கொண்டு பரிமாறுகிறவரிடம் காட்டினால், அவர் அதைச் சமையற்கட்டுக்கே எடுத்துப்போய்க் கேட்டுவருவார். கூட்டம் ஏறுவதற்கு முன்னால் போனால் இதற்கெல்லாம் அவர்களுக்கும் நேரம் இருக்கும். சைவக் கடைகளைக் காட்டும் ஹாப்பிகவ் ஆப் நல்லதுதான், நானும் பார்ப்பேன், ஆனால் அதில் ஏறாத சின்னக் கடைகள் ஏராளம். கூகுள் மேப்பில் 'சாய்', 'ஜே' மாதிரி அந்த ஊரில் சைவத்துக்கு இருக்கும் சொல்லை உள்ளூர் எழுத்தில் ஒட்டித் தேடிப் பாருங்கள், ஆங்கிலத்தில் தேடினால் வராத கடைகள் வரிசையாக வரும்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2027-இல் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 2, அப்படியென்றால் எத்தியோப்பியாவின் பெரிய விரதம் மார்ச் 8-இல் தொடங்குகிறது, அந்த மார்ச், ஏப்ரலில் போகிறவர்களுக்கு எல்லா நாளும் புதன்கிழமைதான். வியட்நாமுக்கு என்றால் நடுவில் ஒரு பௌர்ணமி வருகிற மாதிரித் தேதி போடுங்கள், அன்று காலை ஹுவேயில் இருக்கிற மாதிரி. பத்து மணிக்கு முன்னால் கடைக்குப் போய்விடுங்கள், மத்தியானத்துக்குள் பலாமூசு தீர்ந்துபோகும்.