கரண்ட் வைக்கிறவளுக்கு எதுக்கு மைக்ராஸ்கோப்?

லீவில் கோத்தகிரிக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. வெளியே மழை, அடுப்படியில் குளிர் காய்ந்தபடி போனில் மைக்ராஸ்கோப்பில் எடுத்த புற்றுச் சதையின் ஸ்லைடு படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுத்துவிட்டு வந்த சித்தி எட்டிப் பார்த்து, "நீ கரண்ட் வைக்கிற டாக்டருக்குத்தானே படிக்கிற? இது எதுக்குடி?" என்றார். (ரேடியேஷனுக்கு எங்கள் பக்கம் கரண்ட் என்றுதான் பெயர். ஷாக் அடிக்காது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.)

முதல் வருஷத்தில் நானும் இதையேதான் நினைத்தேன். பயாப்சி (சதையை எடுத்துச் சோதிப்பது) ரிப்போர்ட் வந்தால் கடைசி வரி மட்டும் படிப்பேன். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது மேல்தோல், சவ்வில் வருகிற புற்று, சரி, மடித்து வைத்துவிட்டு சிடி ஸ்கேன் படத்தில் கதிர் படவேண்டிய இடத்தைச் சுற்றிக் கோடு போடப் போய்விடுவேன்.

அப்புறம் ஒருவர் வந்தார். எங்கள் மலைக்காரர்தான், கன்னத்தின் உள்பக்கம் புற்று, ஆபரேஷன் முடிந்திருந்தது. ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "மார்ஜின் கிளியர் சார், ஒரே ஒரு நோடு பாசிட்டிவ், 30 நாள் கரண்ட் போதும்" என்று எங்கள் புரொபசரிடம் சொன்னேன். (வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை, கழுத்தில் ஒரு நெறிக்கட்டியில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம்.) சார் ஒன்றும் பேசாமல் இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரிமேல் விரலை வைத்தார். அந்த நோடின் உறையைக் கிழித்துக்கொண்டு புற்று வெளியே வந்திருந்தது. அப்படி வந்திருந்தால், உடம்பு தாங்கும் என்றால், கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்தும் சேர்க்க வேண்டும்; ஐரோப்பாவில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று என இரண்டு ஆய்வுகள் 2004இல் ஒரே இதழில் வெளிவந்ததிலிருந்து அதுதான் வழக்கம். வாரத்துக்கு 5 நாள் வீதம் ஒன்றரை மாதம் கீழே போய்த் தங்கப்போகிற மனுஷனுக்கு நான் பாதி வைத்தியத்தைச் சொல்லியிருந்தேன்.

மறுவாரமே, மைக்ராஸ்கோப்பில் சதையைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற பேத்தாலஜி மேடம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஸ்லைடை வைத்ததும் நான் ரொம்பப் பெரிதாக்கிக் காட்டும் 40எக்ஸ் லென்சுக்குத் தாவுவேன், அவர் கையைத் தட்டிவிட்டு மொத்தத்தையும் காட்டும் 4எக்ஸுக்கே திருப்புவார். எனக்கு அது ஊர்க்கணக்கில்தான் புரிந்தது: தேயிலைக்குள் உண்ணிச்செடி எதுவரை புகுந்திருக்கிறது என்பது மேட்டில் நின்றால்தான் தெரியும், செடிக்குள் தலையை விட்டால் வெறும் இலைதான்.

புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதும் அப்படித்தான், நான் நினைத்தது வேறு. கட்டியின் தடிமன் வேறு, ஆழம் வேறு. மேலே எவ்வளவு புடைத்திருந்தாலும் கணக்கில்லை, பக்கத்தில் நன்றாக இருக்கிற சவ்வின் அடிமட்டத்தை நேராக நீட்டி, அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். குழிப்புண்ணாக இருந்தால் தடிமன் குறைவாகவும் ஆழம் அதிகமாகவும் வரும். ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் 2 சென்டிமீட்டருக்குள் இருக்கிற சின்னக் கட்டிகூட டி1 இல்லை, அடுத்த படியான டி2 (கட்டி எவ்வளவு முற்றியது என்று சொல்கிற படிநிலைகள் இவை). இதில் ஃபார்மலினில் போட்ட சதை சுருங்கிவேறு போகும், கட்டியைச் சுற்றி சர்ஜன் இடம் விட்டு வெட்டிய அளவு ரிப்போர்ட்டில் அப்படியே வராது.

இதையெல்லாம் சித்தியிடம் எங்கே சொல்வது? இந்த வகைப் புற்றில் தெரிகிற கெரட்டின் முத்து (நகம், முடியில் இருக்கிற கெரட்டின் உருண்டையாகச் சேர்ந்தது) படத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன், இளஞ்சிவப்பில் வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும். "வெங்காயத்தைக் குறுக்க வெட்டின மாதிரில்ல இருக்கு" என்றார். முத்து என்று பேர் வைத்தவர் அடுப்படிப் பக்கமே போனதில்லை போல.