30க்கு 26 நீலம்

நேற்று இரவு கெல்லரில், அதாவது வீட்டு நிலவறையில், வாளால் 30 வெட்டு. அதில் 26 நீலம், 3 வெள்ளை, ஒன்று எந்த நிறமும் பதியாமல் வழுக்கிப் போனது. இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்க ஏழு மாதம் ஆகியிருக்கிறது. ஜெர்மன் நீள்வாளின் குறுக்கு வெட்டான ஸ்வெர்ஹாவ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. வலப்பக்கம் மட்டும்தான், ஆனாலும் வந்துவிட்டது.

நிறம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். இந்த ஒரு வெட்டையே பிடித்துக்கொண்டு ஏன் இத்தனை நாள் கிடந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது நியூரம்பெர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். ஹீமா, அதாவது பழைய ஐரோப்பியப் போர்க்கலைப் பயிற்சி என்றால் நகரத்துக்குப் போக வேண்டும். எனக்கோ ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு ஷிப்ட். அதனால் 14ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வாள் ஆசான் லீஷ்டெனாவரின் மரபை வீட்டிலேயே, சுவடிகளின் மொழிபெயர்ப்புகளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, படிப்பதும் எழுந்து செய்து பார்ப்பதுமாகக் கற்கிறேன். வெயில் காலத்தில் வீட்டுக்குப் பின்னாலுள்ள புல்தரை போதும். அக்டோபர் பிறந்தால் கெல்லர்தான். அந்த நிலவறையின் உயரம் 2.20 மீட்டர், என் பயிற்சி வாளான ஃபெடரின் நீளம் 1.31 மீட்டர். மேலிருந்து வெட்டும் ஓபர்ஹாவை ஓங்கினால் முனை கூரையில் இடிக்கிறது. மூன்று இடத்தில் காரை பெயர்ந்துவிட்டது, வீட்டைக் காலி செய்வதற்கு முன் பூசிக் கொடுக்க வேண்டும். குறுக்காகப் போகிற ஸ்வெர்ஹாவுக்கு உயரம் வேண்டாம், அகலம் இருந்தால் போதும். அப்படித்தான் போன அக்டோபரில் இதைப் பிடித்தேன்.

லீஷ்டெனாவரின் செய்யுளில் படித்தால் எளிதாகத்தான் தெரிகிறது. மேலிருந்து வருவதைக் குறுக்கு வெட்டு பறித்துவிடும், அவ்வளவுதான் லீஷ்டெனாவர் சொல்வது. கலை கண்டவர் கைக்குப் போய்விடக் கூடாதென்று மறைபொருளில் கட்டிய செய்யுள் அது. நம் இலக்கணச் சூத்திரம் மாதிரி, உரை இல்லாமல் திறக்காது. நல்லவேளை, உரைகாரர்கள் இருந்தார்கள். ரிங்கெக்கின் உரை டிரெஸ்டன் சுவடியில் இருக்கிறது. பேட்டர் ஃபொன் டான்ஸிக் பெயரோடு ஒட்டி வழங்கும் உரை ரோமிலுள்ள 1452ஆம் ஆண்டுச் சுவடியில் இருக்கிறது. இந்த இடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பேச்சு. எதிராளி மேலிருந்து வெட்டினால் நீ வலது காலால் அவனுடைய இடப்பக்கம் நோக்கி நன்றாகப் பாய். பாயும்போதே வாளைத் திருப்பு, கைப்பிடி உன் தலைக்கு முன்னால் உயரத்தில் நிற்கட்டும், கட்டைவிரல் அடியில் வரட்டும். பின்வாயால் அவன் இடப்பக்கத்தை வெட்டு. அவன் வெட்டு உன் கைப்பிடியில் மாட்டும், உன் வெட்டு அவன் தலையில் விழும்.

நீள வாய், குட்டை வாய் என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விட்டு, முன்வாய் (எதிராளியைப் பார்க்கும் விளிம்பு), பின்வாய் (நம்மைப் பார்க்கும் விளிம்பு) என்றே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் கையில் புரிகிறது.

இதைப் படித்துவிட்டு மூன்று மாதம் நான் செய்துகொண்டிருந்தது வேறு ஒன்று. மார்பு உயரத்தில் ஒரு பெரிய வீச்சு, கடைசியில் கையைத் தூக்கி ஒரு முடிப்பு. கண்ணாடியில் பார்த்தால் அழகாக இருந்தது. கூரையிலிருந்து தொங்கவிட்ட பழைய பைக் டயரில் நல்ல சத்தமும் வந்தது. சத்தத்தை நம்பியதுதான் பெரிய தப்பு.

ஜனவரியில் ஒரு நாள் டயரைத் துடைக்கும்போது சந்தேகம் வந்தது. தெருவில் படம் வரைய மகள் வைத்திருக்கும் தடிமனான சுண்ணக்கட்டிகள் மூன்றை எடுத்தேன். முன்வாயில் சிவப்பு, பின்வாயில் நீலம், இரண்டு தட்டைப் பக்கங்களிலும் வெள்ளை. ஒரு விஷயம்: ஃபெடரில் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் சுண்ணாம்பு ஒட்டவே ஒட்டாது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியைத் தண்ணீரில் தொட்டுக் குழைவாகத் தேய்த்து, பத்து நிமிடம் காய விட வேண்டும். பயிற்சி முடிந்ததும் சோம்பல் படாமல் கழுவித் துடைத்து மறுபடி எண்ணெய் போட வேண்டும். ஒரு ராத்திரி விட்டேன், மறுநாள் ஷில்ட் (பிடிக்கு மேலே வாள் அகன்றிருக்கும் இடம்) பக்கம் துரு புள்ளி புள்ளியாக எழுந்துவிட்டது.

கறுப்பு டயரில் நிறம் பளிச்சென்று பதியும். வாய் நேராக விழுந்தால் ஒரு மெல்லிய நீலக் கோடு. தட்டைப் பக்கம் விழுந்தால் விரல் அகலத்துக்கு வெள்ளைப் பூச்சு. அன்று 30 வெட்டில் 22 வெள்ளை, 6 நீலம், 2 சிவப்பு. மூன்று மாதமாக டயரை வாளின் பட்டையால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணத்தைத் தேடினால் அது ஊர் வரைக்கும் போகிறது. பள்ளிக்கூட நாளில் மூன்று வருடம் சிலம்பம் சுற்றினேன். கம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கை அதற்கு வழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசான் சொல்லிச் சொல்லி உடம்பில் ஏறிய பழக்கம். அந்தக் காலடி வைக்கும் முறை இன்றைக்கும் எனக்கு உதவுகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கம்புக்கு வாய் கிடையாது. எந்தப் பக்கம் பட்டாலும் அடி அடிதான். அதனால் பிடிக்குள் ஆயுதம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்கும் பழக்கமே என் கைக்கு இல்லை. போதாக்குறைக்கு முதல் வருடம் முழுக்க நான் பயின்றது விளக்குமாற்றுக் கட்டையில் செய்த வாளால். உருண்டைப் பிடி. அதில் கண்ணை மூடிக்கொண்டு வாய் எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போதிருக்கும் ஃபெடர் ஹங்கேரியில் ரெகென்யெய் பட்டறையில் செய்தது. நீள்வட்டப் பிடி. உள்ளங்கையே சொல்லிவிடுகிறது. மரவாள் செய்து தொடங்குகிறவர்கள் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, பிடியை மட்டும் சீவி நீள்வட்டமாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, கட்டைவிரலுக்கு வருகிறேன். வலது கட்டைவிரல் ஷில்டின் தட்டைப் பக்கத்தில் படிய வேண்டும், வெட்டும்போது அது வாளுக்கு அடியில் இருக்க வேண்டும். வாள் பிடிக்குள் கால் வட்டம் திரும்பினால்தான் அது நடக்கும். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை முறுக்கினேன். பிப்ரவரியில் மணிக்கட்டு வலி வந்து இரண்டு வாரம் வாளைத் தொடவில்லை. பிடியைத் தளர்த்த வேண்டும் என்பது புரிந்த பிறகும், கையுறை விடவில்லை. நான் வாங்கி வைத்திருந்தது விரல்கள் சேர்ந்திருக்கும் தடித்த வகை. பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் கட்டைவிரல் உறை மரக்கட்டை மாதிரி இருக்கிறது; ஷில்டில் ஏறும், வாள் டயரைத் தொட்டதும் வழுக்கி இறங்கும். தனிப் பயிற்சிக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டு, தோட்ட வேலைக்கான மெல்லிய தோல் கையுறை போட்டேன். அன்றைக்கே நீலம் 6இலிருந்து 13 ஆனது. எதிரில் ஆள் நிற்கும் நாளில் இது உதவாது. கட்டைவிரல்தான் முதலில் அடி வாங்கும் இடம். ஐந்து விரலும் தனித்தனியாக அசையும் வகையைப் பார்த்து வைத்திருக்கிறேன். போலந்துக்காரர்கள் நன்றாகச் செய்கிறார்கள். விலைக்குக் கோடை வரை பொறுக்க வேண்டும்.

வாய் ஓரளவு சரியானது. கை உயரம் சரியாகவில்லை. அது சரியில்லை என்பதைக் கண்டுபிடிக்கவே இன்னொரு கருவி வேண்டியிருந்தது. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளும் நுரைக் குழல் ஒன்றை 1.1 மீட்டருக்கு வெட்டி, ஒரு மரச்சட்டத்தில் கதவுக் கீல் வைத்துப் பொருத்தினேன். கயிற்றை விட்டால் குழல் என் இடப்பக்க மேலிருந்து சரிவாக நெற்றிக்கு வரும். எதிராளியின் ஓபர்ஹாவ் வருகிற அதே பாதை. கயிற்றைக் கப்பியில் ஓட்டி, கதவைத் தாண்டி வெளியே மாடிப்படி வரைக்கும் கொண்டுபோனேன். மகள் படியில் உட்கார்ந்துகொண்டு அவள் நினைத்த நேரத்தில் விடுவாள். நடுவில் சுவர் இருப்பதால் வாள் அவள் பக்கம் போக வழியில்லை. எனக்கு முகமூடி.

முதல் நாள் நன்றாகவே போனது. பத்தில் ஒன்றுகூடத் தலையில் படவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள்தான் உறைத்தது: வலப்பக்கம் பாய்வதால் குழல் என்னைத் தவறவிடுகிறது. கை தாழ்ந்திருந்தாலும் உயர்ந்திருந்தாலும் படாது. காலை அசைக்காமல் நின்று செய்து பார்த்தேன். பத்தில் ஒன்பது நெற்றியில். படியிலிருந்து, "அப்பா, மறுபடியும் தலையில பட்டுச்சா?" என்று குரல். "பட்டுச்சும்மா, இன்னொண்ணு விடு." இரண்டு வாரம் காலை நகர்த்தவே இல்லை. பாய்ச்சல் காப்பாற்றும், ஆனால் பாய்ச்சல் ஒரு சாண் குறைந்தால் காப்பாற்ற வேண்டியது கைப்பிடிதான். இரண்டும் வேண்டுமென்றுதானே உரையில் இரண்டையும் சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரலில் ரிங்கெக்கை மறுபடி எடுத்து, ஒவ்வொரு வினைச்சொல்லாகப் பிரித்துத் தாளில் எழுதினேன். பாய். பாயும்போது திருப்பு. கைப்பிடி உயரே. கட்டைவிரல் அடியில். இவ்வளவும் ஆன பிறகுதான் வெட்டு என்ற சொல்லே வருகிறது. நானோ வெட்டிக்கொண்டே திருப்பினேன், திருப்பிக்கொண்டே தூக்கினேன். மூன்றையும் ஒரே வீச்சில் அடைத்ததால் மூன்றும் பாதியில் நின்றன. வாள் டயரைத் தொடும் நேரத்தில் அது எட்டில் ஒரு பங்குதான் திரும்பியிருந்தது, கை தாடை உயரத்தில்தான் இருந்தது.

அதன் பிறகு இப்படிச் செய்தேன். ஃபொம் டாக் என்ற நிலை, வாள் வலது தோளில். அங்கிருந்தே பிடியைத் தளர்த்திக் கட்டைவிரலை அடியில் கொண்டுவந்துவிடுவது. அப்படியே கைப்பிடி நெற்றிக்கு முன்னால், பிடிக்கு மேலுள்ள குறுக்குக் கம்பி புருவத்துக்கு ஒரு கையகலம் மேலே. இந்தக் கணத்தில் வாள் இன்னும் வெட்டவே இல்லை, முனை எனக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆனால் தலை ஏற்கெனவே மூடியாகிவிட்டது. இப்போது இடது கை பிடியின் முனையிலுள்ள குமிழை இழுக்கிறது, வலது கை அச்சு மாதிரி நிற்கிறது, முனை தானாகச் சுற்றி வந்து விழுகிறது. தோள் வேலையே செய்வதில்லை. முதல் தடவை சரியாக விழுந்தபோது டயரில் சத்தம் குறைவாக இருந்தது, அடி வீணாகிவிட்டது என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் முடி கனத்துக்கு ஒரு நீலக் கோடு. அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

முதலில் மூன்று எண்ணிக்கையாக, பிறகு இரண்டாக, கடைசியில் பாய்ச்சலோடு சேர்த்து ஒன்றாக. நேற்று 26. குழலும் பத்தில் ஒன்பது தடவை குறுக்குக் கம்பியில் மாட்டியது, பாய்ச்சல் இல்லாமலே.

இடப்பக்க ஸ்வெர்ஹாவை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பது எனக்கே தெரியும். ஆனால் மாயரின் தூசாக் பகுதி கண்ணை இழுக்கிறது. யோவாக்கிம் மாயர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1570இல் அச்சிட்ட நூலில் நீள்வாளுக்கு அடுத்தே அது வருகிறது. அவர் தொழிலால் கத்தி செய்கிறவர் என்பதாலோ என்னவோ, ஆயுதத்தைப் பற்றிச் சொல்லும்போது பட்டறைக்காரன் பேச்சு தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். தூசாக் ஒரு கைக்குரியது, வளைந்தது, குட்டை. கெல்லரில் கூரை இடிக்காது. மரத்திலேயே செய்துவிடலாம். கட்டுமானக் கடையில் ஆஷ் மரப் பலகை ஒன்று பார்த்தேன், கணு இல்லாமல் நேர் ரேகையோடு இருந்தது. விரல் நுழையும் துளையைத் துளைத்து, அரம் போட்டு உருட்டி, ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. பலகையை வாங்கி வைத்துவிட்டேன். மகளுக்கும் சின்னதாக ஒன்று அதில் தேறும்.

இடப்பக்கத்துக்கு வருகிறேன். அங்கே முன்வாய்தான் விழ வேண்டும், கட்டைவிரல் இப்போதும் அடியில்தான், மணிக்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். குமிழ் வலது முன்கையில் முட்டுகிறது. இடது கையின் பிடியை விட்டுக் குமிழை உள்ளங்கையில் உருள விட்டால் கொஞ்சம் இடம் கிடைக்கிறது, ஆனால் வாய் சாய்ந்துவிடுகிறது. நேற்று வலப்பக்கம் முடிந்த சூட்டோடு இடப்பக்கமும் 30 வெட்டினேன். சிவப்பு 7, மற்றதெல்லாம் வெள்ளை. குழலைச் சட்டத்தின் மறுபக்கம் மாற்றி மாட்ட வேண்டும், கீலுக்கு இன்னும் இரண்டு திருகாணி வேண்டும். சிவப்புச் சுண்ணக்கட்டி விரல் நுனி அளவுக்குத் தேய்ந்துவிட்டது. சனிக்கிழமை மகளோடு கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்கிவர வேண்டும். அவள் பங்கு தனி டப்பா என்று இப்போதே சொல்லிவிட்டாள்.